கராஜில் விமானம் கட்டுவதா, கட்டியதை வாங்குவதா, பங்கு சேர்வதா?

போன புரட்டாசியில் மட்டும் மூன்று பேர் என்னிடம் ஒரே கேள்வியைக் கேட்டார்கள். ஜோஹானஸ்பர்க் பக்கம் லெனேசியாவில் ஐ.டி. வேலை பார்க்கும் தம்பி ஒருவர், லேடிஸ்மித் டாக்டர் ஒருவர், சாட்ஸ்வொர்த்தில் ஓய்வுபெற்ற வாத்தியார் ஒருவர். "சொந்தமா ஒரு சின்ன ப்ளேன் வேணும். கிட் வாங்கிக் கட்டவா, கட்டி முடிச்சதை வாங்கவா, இல்ல நாலு பேரோட சேர்ந்து பங்கு போடவா?" மூவருக்கும் ஒரே பதிலை நான் சொல்லவில்லை. அப்புறம் மூவரும் ஒரு கல்யாண வீட்டில் சந்தித்துப் பேசியதில், நான் ஆளுக்கொரு கதை விடுகிறேன் என்று முடிவாகிவிட்டது. அதனால்தான் காரணங்களோடு எழுதி வைக்கிறேன்.

நான் தூத்துக்குடிக்காரன். 2008இல் தென்னாப்பிரிக்காவின் டர்பனுக்கு வேலைக்கு வந்து, இங்கேயே பெண் எடுத்து, ஃபீனிக்ஸில் வீடு போட்டவன். 2015இல் தொடங்கி 2023 வரை வீட்டுக் கராஜில் ஆர்வி-7 என்ற இரண்டு சீட் விமானத்தைக் கட்டினேன். இப்போது அது பீட்டர்மாரிட்ஸ்பர்க் ஒரிபி விமான நிலையத்தில் நிற்கிறது. எட்டு வருடம் தகரத்தோடு குடித்தனம் செய்தவனுக்குக் கட்டுவதன் மேல் ஒரு சாய்வு இருக்கத்தான் செய்யும், அதைக் கொஞ்சம் கழித்துக்கொண்டே படியுங்கள்.

## எதை வைத்து எடை போடுவது

எல்லோரும் முதலில் கேட்பது மொத்த விலை. அதைவிட முக்கியம், பணம் எந்த வேகத்தில் கையை விட்டுப் போகிறது என்பது. மொத்தமாகவா, எட்டு வருடம் சொட்டுச் சொட்டாகவா, மாதச் சந்தாவாகவா? உங்கள் குடும்பத்துக்கு எது தாங்கும் என்பதை உங்கள் வீட்டுக்காரம்மாதான் சொல்ல முடியும்.

அடுத்து எங்கிருந்து பறக்கப்போகிறீர்கள். இந்த நாட்டில் இதற்குத் தனி எடை உண்டு. டர்பன் வர்ஜீனியா ஓடுபாதை கடல் மட்டத்தில் இருக்கிறது. ஜோஹானஸ்பர்க் பக்கத்து மைதானங்கள் ஐயாயிரம் அடியைத் தாண்டியவை, ராண்ட் விமான நிலையம் ஏறக்குறைய 5,500 அடி. டர்போ இல்லாத இன்ஜின் ஆயிரம் அடிக்கு மூன்று சதவீதம் போல சக்தியை இழக்கும். கீழே நூறு குதிரை இழுக்கும் இன்ஜின் அங்கே எண்பத்துச் சொச்சம்தான் இழுக்கும், அதுவும் ஜனவரி வெயிலில் இன்னும் குறையும். டர்பன்காரர் "எனக்கு இது போதும்" என்று சொல்வதை நம்பி லெனேசியாக்காரர் அதே இன்ஜினை வாங்கக் கூடாது.

மூன்றாவது லைசென்ஸ். தேசிய விமானி லைசென்ஸ் 35 மணிநேரப் பயிற்சியோடு கிடைக்கும், ஆனால் 600 கிலோவுக்குள் உள்ள இலகு விமானங்களோடு நிற்க வேண்டும், வெளிநாட்டில் செல்லாது. தனியார் விமானி லைசென்ஸுக்குக் குறைந்தது 45 மணிநேரம். ஆர்வி-7, ஸ்லிங் என்ற விமானத்தின் நாலு சீட் மாடல் எல்லாம் இந்த இரண்டாவது வகையில்தான் வரும்.

நாலாவதாக, என் கணக்கில் மற்ற எல்லாவற்றையும்விடப் பெரிது: உங்களுக்கு இரண்டாவது ஜோடிக் கை யாருடையது? விமானம் ஒற்றை ஆள் வேலை என்று நினைத்துத்தான் எல்லோரும் தொடங்குகிறார்கள். கட்டினாலும் வாங்கினாலும் பங்கு சேர்ந்தாலும் கூட நிற்க ஓர் ஆள் வேண்டும். அந்த ஆள் யார் என்று பெயர் சொல்லத் தெரிந்துவிட்டால் பாதி முடிவு எடுத்தாகிவிட்டது.

## கிட் வாங்கி வீட்டிலேயே கட்டுவது

கிட் என்றால் அளவு வெட்டி, பெரும்பாலும் துளையும் போட்டு வரும் பாகங்கள். வரைபடப் புத்தகத்தைப் பார்த்து நீங்கள் சேர்க்க வேண்டும். பாதிக்கு மேல் வேலையை, அதாவது 51 சதவீதத்தை, நீங்களே செய்திருந்தால்தான் அது வீட்டில் கட்டிய விமானம் என்று பதிவாகும். சான்றிதழ் பெற்ற தொழிற்சாலை விமானங்களுக்கு வாலில் இசட்எஸ் என்று எழுத்து வரும், நம்முடையதற்கு இசட்யூ. கட்டும்போது இடையிடையே அங்கீகரிக்கப்பட்ட பரிசோதகர் வந்து பார்ப்பார், பறக்கும் அனுமதியை வருடாவருடம் புதுப்பிக்க வேண்டும்.

ஆர்வி விமானங்கள் அமெரிக்காவின் ஓரிகனில் உள்ள வேன்ஸ் கம்பெனியுடையவை. உலகம் முழுக்கப் பதினோராயிரத்துக்கு மேல் பறக்கின்றன, என்ன சந்தேகம் வந்தாலும் எங்கோ ஒருவர் அதே இடத்தில் ஏற்கெனவே முட்டிக்கொண்டிருப்பார். மணிக்கு முந்நூறு கிலோமீட்டர் சாதாரணமாகப் போகும். ஆனால் தகடுகளைச் சேர்த்துப் பிடிக்கும் ரிவெட் ஆணிகளில் பெரும்பாலானவை அடித்து ஒடுக்கும் வகை. ஒருவர் வெளியே கம்ப்ரஸர் துப்பாக்கியை வைத்து அடிக்க, மற்றவர் உள்ளே பக்கிங் பார் என்ற இரும்புக் கட்டியை ரிவெட்டின் வாலில் பிடித்திருக்க வேண்டும். வால் நசுங்கிக் கொண்டையாகும், அந்தக் கொண்டையின் அகலம் ரிவெட் தடிமனில் ஒன்றரை மடங்கு, உயரம் பாதி. கூடினாலும் தப்பு, குறைந்தாலும் தப்பு. தப்பானால் துரப்பணம் போட்டு எடுத்துவிட்டு மறுபடி. ஒரு விமானத்தில் இப்படிப் பத்தாயிரத்துக்கு மேல்.

எனக்கு அந்தக் கட்டியைப் பிடித்தவர் என் மாமனார். ஜேக்கப்ஸில் நாற்பது வருடம் பாய்லர் வேலை பார்த்தவர். தமிழ் பேசுவார், அவருடைய ஆயாவிடம் கேட்டுக் கற்ற தமிழ், படிக்க வராது. ஆகவே இதைத் தைரியமாக எழுதுகிறேன்: முதல் மாதம் அவர் எனக்குத் தொல்லை. அதன்பிறகு, இறக்கைக்குள் கை விட்டு, கண்ணை மூடிக்கொண்டு, சத்தத்தை வைத்தே சொல்வார், "மாப்பிள்ளை, இன்னும் ரெண்டு தட்டு." பட்டபட்டவென்று அடிக்கும் சத்தம் கொஞ்சம் தடித்து மாறும் நொடி ஒன்று உண்டு, அங்கே நிறுத்தினால் கொண்டை சரியாக இருக்கும். எனக்கு அது காதில் ஏற ஒரு வருடம் ஆனது. மெர்பேங்கில் வளர்ந்த மனிதர், வீட்டுக் கூரையை உரசுகிற மாதிரி பழைய லூயி போத்தா விமான நிலையத்துக்கு இறங்கும் விமானங்களைச் சின்ன வயது முழுக்க அண்ணாந்து பார்த்தவர். "அப்ப கிளப்புல நம்ம ஆளுங்கள யாரு சேத்தா?" என்று நிறவெறிக் காலத்தைப் பற்றி ஒரே ஒரு தடவை சொன்னார், அதற்கு மேல் நானும் கேட்கவில்லை.

ஸ்லிங் நம்ம ஊர்த் தயாரிப்பு, ஜோஹானஸ்பர்க்குக்குத் தெற்கே டெடர்ஃபீல்டில் செய்கிறார்கள். 2009இல் அதன் இரண்டு சீட் மாடலை அதைச் செய்தவர்களே உலகம் சுற்றி ஓட்டிக்கொண்டு வந்தார்கள். 2019இல் பள்ளிப் பிள்ளைகள் சேர்ந்து கட்டிய நாலு சீட் ஸ்லிங் கேப் டவுனிலிருந்து கெய்ரோ வரை போனது. இதில் இழுத்துப் பூட்டும் ரிவெட் என்பதால் தனி ஆளாகவே பெரும்பகுதியை முடிக்கலாம், அக்கம்பக்கத்துக்கும் இரவில் நிம்மதி. பாகம் குறைந்தால் கப்பல் வேண்டாம், ஒரு பக்கி (பிக்கப்) வண்டி போதும். இரண்டு சீட் மாடல் மணிக்கு இருநூறு கிலோமீட்டர் சுமார், ஆர்வியின் வேகம் வராது.

இன்னொன்று குழாய்ச் சட்டமும் துணியும் கொண்ட புஷ்பேபி வகை, அதுவும் தென்னாப்பிரிக்கக் கிட்தான். மெதுவாகப் பறக்கும், புல்லிலும் மண்ணிலும் இறங்கும். பண்ணை நிலமோ பண்ணைக்காரச் சிநேகிதரோ இருந்தால் இதைப் பாருங்கள்.

இப்போது மறைந்திருக்கும் செலவுகள். கிட்டின் விலை மொத்தச் செலவில் ஒரு பகுதிதான், இன்ஜினும் ப்ரொப்பெல்லரும் கருவிப் பலகையும் சேர்ந்தால் அதைத் தாண்டிவிடும். கிட் விலையை மட்டும் வீட்டில் சொல்லிவிட்டுத் தொடங்குகிறவர்களின் விமானம் பாதியில் நிற்கும், சில சமயம் குடும்பமும். அப்புறம் இந்த நாட்டுக் காசான ராண்டின் மதிப்பு. நான் வால் கிட், அதாவது விமானத்தின் வால் பகுதிக்கான பாகங்கள், வாங்கியபோது ஒரு டாலர் 12 ராண்டுக்குக் கொஞ்சம் மேல். இன்ஜினுக்குப் பணம் கட்டிய 2022இல் பதினாறுக்கு மேல். மெதுவாகக் கட்டினால் செலவு பரவலாகும் என்று நினைத்தேன், பரவியது உண்மை, கூடவே ஏறியது. அதற்கு மேல் 15 சதவீத வாட். என் பெட்டி துறைமுகத்தில் இறங்கிய பிறகு ஏஜெண்ட் ஒருவர் ஒரு காகிதத்தை மறந்ததால் மூன்று வாரம் கிடங்கு வாடகை கட்டினேன். யார் என்று சொல்லப்போவதில்லை, இன்னும் அவரைக் கோயிலில் பார்க்க வேண்டியிருக்கிறது.

கிட் கம்பெனியே ஆட்டம் காணலாம் என்பதையும் கணக்கில் சேருங்கள். வேன்ஸ் 2023 டிசம்பரில் திவால் பாதுகாப்பு கேட்டது. லேசர் வெட்டிய பாகங்களில் துளையோரம் விரிசல் வரும் சிக்கல் ஒரு பக்கம், பழைய விலைக்கு ஏற்றுக்கொண்ட ஆர்டர்கள் மறுபக்கம். காத்திருந்தவர்கள் கூடுதல் பணம் கொடுக்கச் சம்மதித்தால்தான் பாகம் என்றாகிவிட்டது. கம்பெனி மறு வருடம் மீண்டு வந்துவிட்டது, நான் அதற்கு முன்பே முடித்திருந்தேன், அது என் அதிர்ஷ்டம்.

இடமும் செலவுதான். ஆர்வி-7இன் இறக்கை முழு நீளம் 25 அடி, இரண்டு இறக்கையும் தனித்தனியாக இருப்பதால் இரட்டைக் கராஜில் அடங்கும், உங்கள் கார் மட்டும் எட்டு வருடம் வெளியே. 2022 ஏப்ரல் வெள்ளத்தில் எங்கள் கராஜுக்குள் சேற்றுத் தண்ணீர் முழங்கால் அளவு வந்தது. இறக்கைகளைச் சுவரில் தொட்டில் கட்டித் தூக்கி வைத்திருந்ததால் தப்பின, கம்ப்ரஸரும் ரிவெட் டப்பாக்களும் போயின. அதற்கு முன்னும் பின்னும் மின்வெட்டு, கரண்ட் இருக்கும் இரண்டு மணிநேரத்தில் அடித்துத் தள்ள வேண்டியிருந்தது. கடற்கரை ஊர்க்காரர்கள் இன்னொன்றையும் எழுதிக்கொள்ளுங்கள்: உப்புக் காற்று அலுமினியத்தை உள்ளிருந்து தின்னும். ஒவ்வொரு பாகத்தின் உட்புறத்துக்கும் அதைத் தடுக்கும் அடிப்பூச்சான ப்ரைமர் அடித்தேன், இருநூறு மணிநேரமாவது அதற்கே போயிருக்கும். ஜோஹானஸ்பர்க்கில் கட்டுகிறவர்கள் பலர் இதில் பாதியைச் செய்வதில்லை.

நேரம்: ஆர்வி-7க்கு ஆயிரத்தைந்நூறு முதல் இரண்டாயிரம் மணிநேரம் என்பது பரவலாகச் சொல்லும் கணக்கு. வாரம் ஐந்து மணிநேரம் என்று வகுத்துப் பாருங்கள். இடையில் கல்யாணம், கருமாதி, காவடி, வேலை மாற்றம் எல்லாம் வரும்.

யாருக்கு இது சரி? பட்டறையில் நிற்பதே சுகம் என்கிறவருக்கு, பக்கிங் பார் பிடிக்க வீட்டிலேயே ஒருவர் இருப்பவருக்கு. பறக்க மட்டும் ஆசை என்றால் இது தண்டனை. நான் கட்டிய எட்டு வருடத்தில் பறந்தது மிகக் குறைவு, முடிக்கும்போது கை துருப்பிடித்திருந்தது, மறுபடி பயிற்சியாளரோடு உட்கார வேண்டியதாயிற்று. இது யாரும் முன்கூட்டிச் சொல்லாத செலவு.

## பாதி கட்டியது, கூட நின்று கட்டித் தருவது

குவிக் பில்ட் என்று ஒரு வகை உண்டு. இறக்கையும் உடலும் பெரும்பாலும் சேர்த்தே வரும், மூன்றில் ஒரு பங்குக்கு மேல் நேரம் மிச்சம், 51 சதவீதக் கணக்குக்குள்ளும் நிற்கும். விலை அதற்கேற்ப. இன்னொன்று, அனுபவசாலிகளின் பட்டறைக்கே போய் அவர்கள் மேற்பார்வையில் கட்டுவது. கருவி வாங்க வேண்டாம், தப்பு செய்தால் உடனே பிடித்துவிடுவார்கள். லேடிஸ்மித் டாக்டரைப் போல காசு இருந்து நேரம் இல்லாதவருக்கு இது ஆகும். ஆனால் அவருக்கு நான் இதைச் சொல்லவில்லை, ஏன் என்று பிறகு வருகிறேன்.

## யாரோ கட்டியதை வாங்குவது

பறக்க வேண்டும், சீக்கிரம் பறக்க வேண்டும் என்றால் இதுதான். கட்டியவர் போட்ட உழைப்புக்குச் சந்தையில் விலை கிடையாது, பாகங்களின் விலை திரும்பினாலே அவர் சந்தோஷப்படுவார். அதில் லாபம் உங்களுக்கு.

பார்க்க வேண்டியதெல்லாம் கட்டியவரின் குணம். அது லாக்புக்கில் தெரியும், புகைப்படங்களில் தெரியும். கட்டும் காலத்துப் படங்களை ஒழுங்காக வைத்திருப்பவர், கேட்காமலேயே தன் தப்புகளைக் காட்டுகிறவர், அவருடைய விமானத்தை வாங்கலாம். பளபளவென்று பெயின்ட் அடித்து, "உள்ளே பார்க்க என்ன இருக்கிறது?" என்று கேட்கிறவர் வீட்டில் டீ குடித்துவிட்டு வந்துவிடுங்கள். இன்னொரு கட்டுநரை, அல்லது பரிசோதகர் ஒருவரைக் காசு கொடுத்தாவது கூட்டிப்போய் மூடிகளைக் கழற்றிப் பாருங்கள். ப்ரொப்பெல்லர் எப்போதாவது தரையில் அடித்ததா, பெட்ரோல் தொட்டியின் தையல்களில் கசிவு உண்டா, வயர்கள் எப்படிக் கட்டியிருக்கின்றன. மின்வயர் போட்ட விதத்தைப் பார்த்தாலே ஆளைத் தெரியும், நம்ம ஊர்ச் சமையலறையில் அஞ்சறைப் பெட்டியைத் திறந்து பார்ப்பது போல.

இன்ஜினில் ஏமாறும் இடம் ஒன்று. "பத்து வருடத்தில் நூற்றைம்பது மணிநேரம்தான் ஓடியது" என்பார்கள், கேட்க இனிக்கும். லைகமிங் இன்ஜின் ஓடாமல் நின்றால் உள்ளே கேம் தண்டு துருப்பிடிக்கும், அதுவும் கடலோர ஹேங்கரில், அதாவது விமானக் கொட்டகையில். 2,000 மணிநேர ஆயுள் என்று புத்தகம் சொல்வது அடிக்கடி ஓட்டுகிறவருக்குத்தான். ரோட்டாக்ஸ் 912 இன்ஜின் என்றால் ஓடினாலும் ஓடாவிட்டாலும் ஐந்து வருடத்துக்கு ஒருமுறை ரப்பர் குழாய்கள் எல்லாம் மாற்ற வேண்டும், போன முறை எப்போது என்று கேளுங்கள். எரிபொருளில் ரோட்டாக்ஸுக்கு அனுகூலம்: மணிக்கு இருபது லிட்டர் சுமார், பங்க் பெட்ரோலே போதும், லைகமிங் அதைவிட ஒன்றரை மடங்குக்கு மேல் குடிக்கும். ஆனால் 100 குதிரை ரோட்டாக்ஸுக்கு 95 ஆக்டேன் பெட்ரோல் வேண்டும். கடற்கரையில் கவலை இல்லை, உள்நாட்டுப் பெட்ரோல் பங்க்குகளில் 93ம் விற்கிறார்கள், கேன் தூக்கிக்கொண்டு போகிறவர் குழாயைப் பார்த்துப் பிடிக்க வேண்டும்.

மறைந்த ஆபத்து வேறொன்று. வீட்டில் கட்டிய விமானங்களைப் பற்றி அமெரிக்க விபத்து விசாரணை வாரியம் 2012இல் ஓர் ஆய்வு வெளியிட்டது. கட்டியவரின் முதல் பறத்தலில் மட்டும் இல்லை, கைமாறி வாங்கியவரின் முதல் சில பறத்தல்களிலும் விபத்து கூடுகிறது என்று அதில் வந்தது. ஒவ்வொன்றும் ஒவ்வொரு மாதிரி நடந்துகொள்ளும் விமானங்கள் இவை, இதே வகையில் பழகிய பயிற்சியாளரோடு சில மணிநேரம் உட்காராமல் வீட்டுக்கு ஓட்டிவரக் கூடாது. அந்தக் காசையும் விலையோடு சேருங்கள்.

## பங்கு சேர்வது, அல்லது கிளப் விமானம்

நாலு பேர் சேர்ந்தால் ஹேங்கர் வாடகை, இன்ஷூரன்ஸ், வருடாந்தப் பரிசோதனை எல்லாம் காலாக வகுபடும். வருடத்துக்கு ஐம்பது மணிநேரம்கூடப் பறக்காதவர் தனியாக வைத்திருப்பது வீண், விமானத்துக்கும் கெடுதல். நாலு பேர் மாற்றி மாற்றி ஓட்டினால் இன்ஜின் ஆரோக்கியமாக இருக்கும்.

இதில் மறைந்த செலவு மனஸ்தாபம். ஞாயிற்றுக்கிழமை காலை எல்லோருக்கும் வேண்டும். ஒருவர் டயரைத் தேய்த்துவிட்டுச் சொல்லாமல் போவார். ஒருவர் வெளியேறும்போது பங்கை என்ன விலைக்கு, யாருக்கு விற்பது? இதை எல்லாம் முதல் நாளே எழுதிக் கையெழுத்து வாங்குங்கள், சொந்த மச்சானாக இருந்தாலும். சொந்த மச்சானாக இருந்தால் இரண்டு தடவை வாங்குங்கள்.

சாட்ஸ்வொர்த் வாத்தியாருக்கு நான் சொன்னது இது. அறுபத்தைந்து வயதில் மருத்துவச் சான்றிதழ் எப்போது கை நழுவும் என்று தெரியாது, எட்டு வருடம் கட்டிவிட்டுப் பயணியாக உட்காரக் கூடாது. டாக்டருக்கும் இதையேதான் சொன்னேன். அவருக்கு நேரம் இல்லை என்பது மட்டும் காரணம் இல்லை. "கூட யார் இருப்பா?" என்று கேட்டபோது அவரால் ஒரு பெயரும் சொல்ல முடியவில்லை. பங்கு சேர்ந்தால் மூன்று பெயராவது கிடைக்கும்.

## ஆட்கள்

கூட நிற்க ஆள் தேடுவதற்கு விமானமே வேண்டாம். வீட்டில் விமானம் கட்டுகிறவர்களின் சங்கமான ஈ.ஏ.ஏ. 1953இல் அமெரிக்காவின் மில்வாக்கியில் தொடங்கியது, ஜோஹானஸ்பர்க்கில் அதன் 322ஆம் கிளை இருக்கிறது. வெறுங்கையோடு போய்ச் சேரலாம். கூட்டத்துக்குப் போனால் யாராவது ஒருவர் தன் ஹேங்கருக்குக் கூப்பிடுவார், போய்ப் பார்த்தால் ஸ்க்ரூடிரைவரைக் கையில் கொடுத்துவிடுவார். சனிக்கிழமை காலையில் பத்துப் பதினைந்து விமானங்கள் ஏதோ ஒரு புல் மைதானத்தில் இறங்கி, தீ மூட்டி, பூர்வோர்ஸ் என்ற இறைச்சிக் குழல் சுட்டு, ஒருவர் விமானத்தின் மூடியை இன்னொருவர் கழற்றிப் பார்த்து நொட்டை சொல்லி, பத்து மணிக்குக் காற்று எழும்புமுன் கிளம்பிவிடுவார்கள். நான் முதல்முறை போனபோது பெரும்பாலும் வெள்ளைக்காரர்கள், ஒதுங்கித்தான் நின்றேன். ஆஃப்ரிகானர் பெரியவர் ஒருவர் வந்து என் விரல் நகத்தில் ஒட்டியிருந்த பச்சை ப்ரைமரைப் பார்த்துவிட்டு, "எதுவரை வந்திருக்கிறாய்?" என்று கேட்டார். "வலது இறக்கை" என்றேன். அரை மணிநேரம் விடவில்லை. அடுத்த முறை மாமனாரையும் கூட்டிப்போனேன், அவரும் இந்தப் பெரியவரும் பாய்லர் ரிவெட்டைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்ததில் நாங்கள் கிளம்பத் தாமதமாகி, மலைப்பக்கமிருந்து வீசும் பெர்க் காற்றில் குலுங்கிக்கொண்டு திரும்பினோம்.

கட்டியவர்களுக்கு இந்தக் கூட்டத்தில் கொஞ்சம் மரியாதை கூட, அதை மறைப்பதில் அர்த்தமில்லை. வாங்கியவரையும் பங்குக்காரரையும் யாரும் தள்ளி வைப்பதில்லை, ஆனால் பேச்சு ரிவெட்டுக்குப் போனதும் அவர்கள் காபி எடுக்கப் போய்விடுவார்கள்.

## ஆர்டர் போடுமுன்

ஒரு சின்னப் பரீட்சை இருக்கிறது. கிட் கம்பெனிகள் பழகுவதற்கென்று சிறு தகரப் பெட்டி மாதிரிகளை விற்கிறார்கள், விலை சொற்பம். அதுவும் வேண்டாம் என்றால் கட்டுகிற யாரிடமாவது ஒரு சனிக்கிழமை போய் உட்காருங்கள். லெனேசியாத் தம்பி தன் தங்கையோடு வந்தார். இருவருக்கும் இரண்டு துண்டுத் தகரமும் இருபது ரிவெட்டும் கொடுத்தேன், துப்பாக்கி அண்ணனிடம், பக்கிங் பார் தங்கையிடம். முதல் இருபதில் பதினொன்றைத் துளை போட்டு எடுக்க வேண்டியிருந்தது. அண்ணன் கையை உதறிக்கொண்டு டீ எங்கே என்று கேட்டார். அந்தப் பெண் தகரத்தைத் திருப்பிக் கொண்டைகளைக் கட்டை விரலால் தடவிப் பார்த்துவிட்டு, "அண்ணா, இடம் மாத்திக்கலாமா? நீ புடி, நான் அடிக்கிறேன்" என்றார். அடுத்த இருபதில் நாலுதான் தப்பு. வால் கிட்டுக்கு அவர்கள் போன வாரம் பணம் கட்டிவிட்டார்கள், ரசீது தங்கை பெயரில்.